கருவறையில் தொடங்கும் இருதய நோய்: தாயின் நீரிழிவும் பிள்ளையின் எதிர்காலமும்

கர்ப்பிணித் தாயொருவரின் குருதியில் குளுக்கோசின் அளவு உயர்ந்திருப்பதாகக் கிளினிக்கில் அறிவிக்கப்பட்டதும் அவரது வீட்டில் எழும் முதற் கேள்வி, பிரசவம் சுகமாக நடந்தேறுமா என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்வி நியாயமானதே. பிள்ளை நலமாகப் பிறந்து, தாயின் குருதியில் குளுக்கோசும் வழமையான அளவுக்குத் திரும்பிவிட்டால் அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டதாகக் குடும்பத்தினர் நிம்மதியடைகின்றனர். "பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது வந்த சீனி வருத்தம், பிள்ளை பிறந்ததும் போய்விட்டது" என்று சொல்லும் தாய்மாரை நம் ஊர்களில் நிறையவே காணலாம்.

ஆனால், அந்த ஒன்பது மாதங்களின் விளைவு பிரசவ அறையோடு நின்றுவிடுவதில்லை என்பதைக் கடந்த சில தசாப்தங்களின் மருத்துவ ஆய்வுகள் தெளிவுபடுத்தி வருகின்றன. கருவிலிருக்கும்போது தாயின் நீரிழிவுக்கு முகங்கொடுத்த பிள்ளை, பின்னாளில் நீரிழிவுக்கு மட்டுமன்றி உயர் குருதியமுக்கம், இருதய நோய், பாரிசவாதம் ஆகியவற்றுக்கும் மற்றையோரை விட இளவயதிலேயே ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்பதே அந்த ஆய்வுகள் கூறும் செய்தியாகும். இருதய நோயும் நீரிழிவும் இல்லாத குடும்பமே அரிதாகிவிட்ட எமது நாட்டில் இச்செய்தி ஆழ்ந்து கவனிக்கப்பட வேண்டியதொன்றாகும்.

இவ்விடயத்தில் மிகப் பெரிய சான்றுகளுள் ஒன்று டென்மார்க்கிலிருந்து கிடைத்துள்ளது. அந்நாட்டில் ஒவ்வொரு பிரஜையின் பிறப்பு, நோய், வைத்தியசாலை அனுமதி ஆகிய விபரங்கள் யாவும் தேசிய பதிவேடுகளில் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. 1977 ஆம் ஆண்டு முதல் 2016 ஆம் ஆண்டு வரை அங்கு பிறந்த 24 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வாளர்கள், தமது முடிவுகளை 2019 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். பிறவியிலேயே இருதயக் குறைபாடு உடைய பிள்ளைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நீரிழிவுடைய தாய்மாருக்குப் பிறந்தவர்களிடையே, நாற்பது வயதுக்குள் இருதய மற்றும் குருதிக் குழாய் நோய்கள் ஏற்படும் வேகம் ஏனையோரை விட 29 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. கர்ப்பத்துக்கு முன்னரே தாய்க்கு நீரிழிவு இருந்திருப்பின் இது 34 சதவீதமாகவும், கர்ப்பகாலத்தில் மட்டும் தோன்றிய நீரிழிவாயின் 19 சதவீதமாகவும் இருந்தது. தாய்க்கு நீரிழிவோடு இருதய நோயும் இருந்த இடத்தில் இது 73 சதவீதத்தை எட்டியது.

இத்தகைய புள்ளிவிபரங்களை அச்சத்துடனன்றி நிதானத்துடன் வாசிப்பது அவசியம். மேற்படி ஆய்வின்படி நீரிழிவற்ற தாய்மாரின் பிள்ளைகள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவர்களுள் ஏறத்தாழ 13 பேருக்கு நாற்பது வயதுக்குள் இவ்வகை நோய்களுள் ஏதேனுமொன்று கண்டறியப்படுகிறது. நீரிழிவுடைய தாய்மாரின் பிள்ளைகளிடையே அத்தொகை ஏறத்தாழ 18 ஆகும். உயர் குருதியமுக்கம் முதல் காலில் குருதி உறைதல் வரையிலான பல நோய்கள் இக்கணக்கில் அடங்கும். அதாவது, நூறு பிள்ளைகளில் எண்பதுக்கும் அதிகமானோர் நாற்பது வயதை இந்நோய்கள் ஏதுமின்றியே எட்டுகின்றனர். எனவே இது தலைவிதியன்று. ஆனால் நூற்றுக்கு ஐந்து பேர் மேலதிகமாக நோயாளராவது என்பது, நீரிழிவு பரவலாகக் காணப்படும் ஒரு சமூகத்தில் அலட்சியப்படுத்தக்கூடிய தொகையுமன்று.

இங்கு ஒரு நியாயமான ஐயம் எழலாம். நீரிழிவுடைய தாயின் பிள்ளை, தாயின் பரம்பரை அலகுகளையும் அவ்வீட்டின் உணவுப் பழக்கத்தையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறது. அப்படியிருக்க, கருப்பையில் நேர்ந்ததே காரணம் என எவ்வாறு கூறமுடியும்? டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரே தாயின் பிள்ளைகளைத் தமக்குள் ஒப்பிட்டபோதும் இதையொத்த முடிவே கிடைத்தது. இதற்கு முன்னரே, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடியினரிடையே நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் இதனையே உணர்த்தியிருந்தது. தாய்க்கு நீரிழிவு தோன்றுவதற்கு முன் பிறந்த பிள்ளையையும், தோன்றிய பின் பிறந்த அதே தாயின் பிள்ளையையும் அவ்வாய்வு ஒப்பிட்டது. பின்னர் பிறந்த பிள்ளைக்கு நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. பெற்றோர் ஒருவரே, வீடும் ஒன்றே. வேறுபட்டிருந்தது கருவறையின் சூழல் மாத்திரமே. பரம்பரைக்கும் வீட்டுச் சூழலுக்கும் பங்குண்டு எனினும், கருவறைக்கும் தனியானதொரு பங்குண்டு என்பதை இது காட்டுகிறது.

இது எவ்வாறு நிகழ்கின்றது? டென்மார்க்கைச் சேர்ந்த வைத்தியர் யோர்கன் பீடர்சன் 1950 களில் முன்வைத்த விளக்கமே இன்றும் இதற்கான அடிப்படையாக உள்ளது. தாயின் குருதியிலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவைச் சென்றடையும். ஆனால் தாயின் இன்சுலின் அவ்வாறு செல்வதில்லை. ஆகவே தாயின் குருதியில் குளுக்கோஸ் மிகும்போது, அதனைச் சமாளிப்பதற்காகச் சிசுவின் சதையி தானே அதிகளவு இன்சுலினைச் சுரக்க நேரிடுகிறது. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டுவது என்பதால் சிசுவின் உடலில் கொழுப்பு சேர்கின்றது. சில வேளைகளில் இருதயத்தின் தசைச்சுவரும் தடிப்படைகின்றது. பிறந்து சில மாதங்களில் இத்தடிப்பு பெரும்பாலும் மறைந்துவிடுகின்ற போதிலும், குருதிக் குழாய்களின் உட்படையிலும், உடல் சக்தியைக் கையாளும் முறையிலும், பரம்பரை அலகுகள் செயற்படும் விதத்திலும் பதிந்துவிடும் மாற்றங்கள் நீடிக்கக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மேற்கத்தேய நாடுகளின் கதை எமக்குப் பொருந்துமா எனக் கேட்போருக்கு அயல்நாடான இந்தியா பதில் தருகிறது. பூனே நகரில் வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையிலான குழுவினர், இந்தியச் சிசுக்கள் ஐரோப்பியச் சிசுக்களை விட நிறை குறைந்தவையாகப் பிறந்தபோதிலும் தசை குறைந்தும், தோலுக்கடியிலான கொழுப்பு அவ்வளவாகக் குறையாமலும் இருப்பதைக் கண்டறிந்தனர். பார்வைக்கு மெலிந்தும் உள்ளே கொழுப்பு மிகுந்தும் காணப்படும் உடல்வாகு தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே இதன் பொருளாகும். மைசூர் நகரில் பிறப்பு முதல் தொடர்ந்து அவதானிக்கப்பட்ட பிள்ளைகளிடையே, கர்ப்பகால நீரிழிவுடைய தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயதிலேயே உடற்கொழுப்பும் இன்சுலின் அளவும் கூடுதலாகக் காணப்பட்டன. அவர்கள் பதின்மூன்று வயதைக் கடந்தபோது, மன அழுத்தம் தரும் சோதனைகளின்போது அவர்களது குருதியமுக்கம் மற்றப் பிள்ளைகளை விட அதிகமாக உயர்வதும் அவதானிக்கப்பட்டது. இருதய நோய் ஐம்பது வயதில் வெளிப்படலாம். ஆனால் அதன் சுவடுகள் பாடசாலைப் பருவத்திலேயே தென்படத் தொடங்கிவிடுகின்றன.

இதில் மறுபக்கமும் ஒன்றுண்டு. சீனி வருத்தம் எனக் கேள்விப்பட்டதும் பயந்துபோய் உணவையே பெருமளவில் குறைத்துக்கொள்ளும் தாய்மாரும் நம்மிடையே உள்ளனர். இதுவும் ஆபத்தானதே. நிறை குறைந்து பிறந்த பிள்ளைகள் பின்னாளில் இருதய நோயால் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை, இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பிரதேசப் பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு பேராசிரியர் டேவிட் பார்க்கர் 1989 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். மிகுதியும் தீங்கு, குறைவும் தீங்கு. இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஏறத்தாழ ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த நிறையுடன் பிறக்கின்றது. தோட்டப்புறங்களில் இந்நிலை மேலும் மோசமானது. நிறை குறைந்து பிறந்த பெண் பிள்ளை வளர்ந்து, நிறை கூடி, தான் தாயாகும்போது நீரிழிவுக்கு ஆளாகி, அதன் சுமையைத் தன் பிள்ளைக்கும் கையளிப்பது எமது சமூகங்களில் சுழலும் ஒரு வட்டமாகும்.

இந்த வட்டம் இலங்கையில் எவ்வளவு அகன்றுள்ளது? 2005 - 2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வொன்று, வயது வந்தோரில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவாளர் எனக் கணித்தது. 2018 - 2019 இல் நடத்தப்பட்ட இலங்கைச் சுகாதார மற்றும் முதுமை ஆய்வோ, அத்தொகையை ஏறத்தாழ நான்கு பேருக்கு ஒருவர் என மதிப்பிட்டது. இரு ஆய்வுகளின் அளவீட்டு முறைகள் முற்றிலும் ஒன்றல்ல எனினும், போக்கு எத்திசையில் உள்ளது என்பதில் ஐயமில்லை. நகர்ப்புறங்களில் நோய் மிகுதியாக இருப்பதையும் 2005 - 2006 ஆய்வு காட்டியிருந்தது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் இதற்கு விதிவிலக்காக இருக்க முடியாது.

நல்வாய்ப்பாக, இப்பிரச்சினையை எதிர்கொள்வதற்கான அடித்தளம் எம்மிடம் உண்டு. 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறையானது, இன்று ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தரைக் கொண்டுசெல்லும் அளவுக்கு வளர்ந்துள்ளது. ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. கர்ப்பிணிகளுக்கான குருதிப் பரிசோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது. 75 கிராம் குளுக்கோசைப் பருகச் செய்து அளவிடும் பரிசோதனையில், வெறும் வயிற்றில் 92 மில்லிகிராம், ஒரு மணித்தியாலத்தின் பின் 180, இரண்டு மணித்தியாலங்களின் பின் 153 ஆகிய அளவுகளுள் ஏதேனுமொன்றை எட்டினால் அது கர்ப்பகால நீரிழிவு என உலக சுகாதார நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் வரையறுத்தது. ஒன்பது நாடுகளில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வே இவ்வரையறைக்கு அடிப்படையாகும். அயலில் தமிழ்நாடு அரசு, பேராசிரியர் வீ. சேஷையாவின் விடாமுயற்சியின் பயனாக, 2007 ஆம் ஆண்டளவிலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கியதும் நினைவுகூரத்தக்கது.

நோயைக் கண்டறிந்து சிகிச்சையளிப்பதால் பயனுண்டா? பிரசவத்தைப் பொறுத்தவரை நிச்சயமாக உண்டு. ஆயிரம் பெண்களைக் கொண்டு 2005 ஆம் ஆண்டில் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், சிசுக்களுக்கு ஏற்பட்ட பாரதூரமான சிக்கல்கள் சிகிச்சையின் காரணமாக 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன. ஆனால் அப்பிள்ளைகள் நான்கைந்து வயதை அடைந்தபோது, சிகிச்சை பெற்ற தாய்மாரின் பிள்ளைகளுக்கும் ஏனையோருக்குமிடையில் உடற்பருமனில் வேறுபாடு காணப்படவில்லை. இதை மறைப்பதில் பயனில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் சீனியைக் கட்டுப்படுத்துவதால் பிள்ளையின் எதிர்காலம் முழுவதையும் காத்துவிடலாம் என்பதற்கு இதுவரை உறுதியான சான்று இல்லை. எனவேதான் கர்ப்பத்துக்கு முன்னும் பிரசவத்துக்குப் பின்னும் எமது கவனம் நீள வேண்டியுள்ளது.

முதலில் கர்ப்பத்துக்கு முந்திய காலத்தைப் பார்ப்போம். சிசுவின் இருதயம் கர்ப்பத்தின் முதல் எட்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. பெண்ணொருவர் தாம் கருவுற்றிருப்பதை உறுதிசெய்துகொண்டு கிளினிக்கிற்குச் செல்லும்போது அக்காலம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். ஏற்கனவே நீரிழிவுடைய பெண்ணின் குருதியில் அவ்வாரங்களில் குளுக்கோஸ் மிகுந்திருந்தால், பிள்ளை பிறவி இருதயக் குறைபாட்டுடன் பிறக்கும் வாய்ப்புப் பல மடங்காகின்றது. இங்குதான் எமது சமூகங்களின் பழக்கமொன்று குறுக்கே நிற்கிறது. மகளுக்கு நீரிழிவு இருப்பதைக் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என அஞ்சி மறைக்கும் பெற்றோர் தமிழர் மத்தியிலும் உள்ளனர், முஸ்லிம்கள் மத்தியிலும் உள்ளனர். மணமான பின்னரும் கணவன் வீட்டாருக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து விழுங்கும் பெண், கர்ப்பத்தைத் திட்டமிட்டுச் சீனியை முற்கூட்டியே கட்டுப்படுத்துவது எங்ஙனம்? புதுமணத் தம்பதியருக்காகச் சுகாதாரத் திணைக்களம் நடத்தும் நிகழ்ச்சித்திட்டத்துக்கு மணமக்கள் இருவரும் செல்வதை, மணநாளைக் குறிக்கும் பெரியவர்களே ஊக்குவித்தல் வேண்டும்.

அடுத்தது பிரசவத்துக்குப் பிந்திய காலம். கர்ப்பகால நீரிழிவு ஏற்பட்ட தாய், பிரசவத்தின் பின் ஆறு வாரங்கள் கடந்ததும் மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவும், நாற்பதாம் நாள் சடங்குகளும் எமது வீடுகளில் மறக்கப்படுவதில்லை. ஆனால் அதையொட்டி வரும் இந்தப் பரிசோதனையை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. கைக்குழந்தையுடன் வெறும் வயிற்றில் இரண்டு மணித்தியாலம் காத்திருப்பது தாய்க்கு இலகுவானதன்று என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். எனினும், இலங்கைப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, கர்ப்பகால நீரிழிவு ஏற்பட்டோரில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குள் நிரந்தர நீரிழிவாளராகியிருந்ததைக் கண்டறிந்தது. நீரிழிவு ஏற்படாதோரிடையே அது 5 சதவீதமளவிலேயே இருந்தது. அடுத்த பிள்ளை கருவாகும்போது தாய்க்கு ஏற்கனவே நோய் இருந்தால், முன்னர் கூறிய முதல் எட்டு வார ஆபத்து அப்பிள்ளையை எதிர்நோக்குகிறது.

தாய்மாரிடையே நிலவும் சில தவறான எண்ணங்களும் களையப்பட வேண்டும். இன்சுலின் ஊசி போட்டால் வயிற்றிலுள்ள பிள்ளைக்குப் பாதிப்பு என்பது அவற்றுள் ஒன்று. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் செல்வதில்லை என்பதை மேலே கண்டோம். பிள்ளையைச் சென்றடைந்து தீங்கு செய்வது கட்டுப்படுத்தப்படாத குளுக்கோசே. "இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு" என்று சோற்றையும் இனிப்பையும் குவிப்பது மற்றொன்று. நோன்பும் விரதமும் கவனத்துக்குரியன. நோயுற்றோருக்கு இஸ்லாம் சலுகை வழங்கியுள்ளது. தமக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் கர்ப்பிணிகள் நோன்பை விடுத்துப் பின்னர் நிறைவேற்றலாம் என்பது மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடாகும். இன்சுலின் பெறும் கர்ப்பிணியொருவர் வைத்தியரைக் கேளாமல் நோன்பு நோற்பதும், நீரிழிவுடைய கர்ப்பிணியொருவர் நாள் முழுவதும் நீரருந்தாமல் விரதமிருப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. பள்ளிவாசல்களிலும் ஆலயங்களிலும் இது எடுத்துரைக்கப்படுமாயின் பல குடும்பங்கள் பயன்பெறும்.

இவ்வளவையும் கூறும்போது, பிள்ளைக்கு வரும் நோய்க்குத் தாயே குற்றவாளி என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடலாகாது. உலையில் எந்த அரிசி வேகும், தேநீரில் எத்தனை கரண்டி சீனி விழும் என்பதைப் பல வீடுகளில் மருமகள் தீர்மானிப்பதில்லை. மாலையில் அரை மணித்தியாலம் நடப்பதற்கும் கணவனின் துணையும் அயலாரின் ஏச்சற்ற பார்வையும் தேவைப்படுகின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது முட்டையும் மீனும் பருப்பும் ஏழைகளுக்கு எட்டாக்கனியாகி, மாப்பொருளே பல குடும்பங்களின் முழு உணவாகிப்போனதை நாம் கண்டோம். அப்போது கருவிலிருந்த பிள்ளைகள் வளர்ந்துவரும் இவ்வேளையில், அந்த ஆண்டுகளின் கணக்கு அவர்களது உடலில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதைக் காலமே காட்டும். இலங்கை, இந்தியா, பங்களாதேஷ் ஆகிய நாடுகளில் 1,600 தாய்மாரைக் கொண்டு நடத்தப்பட்டு 2022 இல் வெளியான பரீட்சார்த்த ஆய்வில், உணவு, உடற்பயிற்சி தொடர்பான வழிகாட்டல்களால் நோய் முற்றுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்க முடியவில்லை. தனியொரு தாய்க்குப் புத்திமதி கூறுவது மட்டும் போதாது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

அவ்வாறாயின் செய்யவேண்டியது என்ன? முதலாவதாக, தாயின் கர்ப்பகாலப் பதிவட்டையில் குறிக்கப்படும் நீரிழிவு, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலும் தெளிவாக இடம்பெற்று, பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரை அப்பிள்ளையுடன் கூடவே செல்ல வேண்டும். அத்தகைய பிள்ளையின் நிறையும் குருதியமுக்கமும் விசேட கவனத்துடன் அளவிடப்படுவதற்குப் பெருஞ் செலவேதும் தேவையில்லை. இரண்டாவதாக, தாயின் ஆறாவது வாரப் பரிசோதனையை, பிள்ளைக்கான கிளினிக் நாளுடன் இணைத்து, அதே இடத்திலேயே செய்துகொள்ள வழிசெய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, முப்பத்தைந்து வயதைக் கடந்தோரையே முதன்மையாகக் கருதி நடத்தப்படும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களின் கதவுகள், கர்ப்பகால நீரிழிவு ஏற்பட்ட இருபத்தைந்து வயதுத் தாய்க்கும் அழைப்பு விடுத்துத் திறக்கப்பட வேண்டும். நான்காவதாக, வடக்கு, கிழக்கு, மலையகப் பிரதேசங்களில் குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்கள் தாமதமின்றி நிரப்பப்படுவதும், தாய்மாருடன் தமிழில் உரையாடக்கூடியோர் அங்கு நியமிக்கப்படுவதும் அவசியம். உணவைப் பற்றிய ஆலோசனையை மொழி புரியாத ஒருவரிடமிருந்து பெறுவதால் பயனேதும் விளையாது.

தாய்ப்பாலைப் பொறுத்தவரை எமது நாடு பெருமைப்படத்தக்க நிலையில் உள்ளது. 2016 ஆம் ஆண்டின் ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பாலை மட்டுமே பருகினர். தாய்க்குப் பின்னாளில் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பைத் தாய்ப்பாலூட்டல் குறைக்கின்றது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஒரு காலத்தில் எட்ட முடியாததாகத் தோன்றிய இந்த இலக்கை, வீடு வீடாகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பும் தாய்மாரின் ஒத்துழைப்பும் சாத்தியமாக்கின. அதே உழைப்பைப் பிரசவத்துக்குப் பிந்திய சீனிப் பரிசோதனைக்கும் செலுத்த முடியாதிருப்பதற்குக் காரணமேதும் இல்லை.

தாய் சேய் மரணங்களைக் குறைப்பதில் உலகமே வியக்கும் சாதனையைப் புரிந்த நாடு இலங்கை. பிள்ளை உயிருடன் பிறப்பதை உறுதிசெய்வது சென்ற நூற்றாண்டின் பணியாக இருந்தது. அப்பிள்ளை நாற்பது வயதில் மாரடைப்புடன் வைத்தியசாலை வாசலை மிதிக்காதிருப்பதை உறுதிசெய்வது இந்த நூற்றாண்டின் பணியாகும். அதற்கான முதலடியை வைக்க வேண்டிய இடம் இருதய நோய்ப் பிரிவன்று. மணப்பேச்சு நடைபெறும் வீட்டுத் திண்ணையும், கர்ப்பிணிகள் காத்திருக்கும் கிளினிக் வாங்குமே ஆகும்.